பதினோராம் எண் சட்டை

ஓய்வு என்னும் சொல்லை நாம் இருவிதமாக வழங்குகிறோம். மழை ஓய்ந்தது என்கிறோம். உழைத்த கை ஓய்ந்தது என்கிறோம். அங்கெல்லாம் ஒன்று முடிந்துபோவதையே அச்சொல் குறிக்கிறது. மனிதனுடைய உத்தியோகத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'ஓய்வு பெற்றார்' என்கிறோம். பரிசு பெறுவது போல, வரம் பெறுவது போல, ஓய்வையும் ஒருவர் கொடுக்க மற்றவர் பெற்றுக்கொள்ள வேண்டும் போலும்! கொடுப்பவர் யார், பெறுகிறவர் அதை எவ்வாறு பெற்றுக்கொள்ள வேண்டும் என்னும் கேள்விகள் சில காலமாக என் மனத்தைவிட்டு அகலவில்லை.

இருவர் ஓய்வு பெற்ற கதையை இங்கே சொல்லப் புகுகிறேன். ஒருவர் நாடறிந்த கால்பந்து வீரர் சுனில் சேத்ரி. மற்றவர், இந்த இதழுக்குத் தவறாமல் சந்தா செலுத்துகிறவர் என்பதைத் தவிர வேறு சிறப்பு எதுவும் இல்லாதவர். அதாவது, இதை எழுதுகிற நான். இருவர் ஓய்வுக்கும் இடையே இருந்தவை ஆறே நாட்கள்தாம். நான் 2024 மே 31ஆம் நாள் ஓய்வு பெற்றேன். அவர் ஜூன் 6ஆம் நாள், இதே கல்கத்தா நகரில், நாட்டுக்காக ஆடுவதிலிருந்து ஓய்வு பெற்றார். ஊரின் பெயரைக் கொல்கத்தா என்று மாற்றி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் என் தந்தையார் வாயில் கேட்டுப் பழகிய பெயர் என் நாவை விட்டுப் போகவில்லை. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் தந்தையார் 1958இல் கும்பகோணத்துக்கு அருகே, அரசலாற்றங்கரையில் உள்ள எங்கள் சிற்றூரிலிருந்து, ஒரு தகரப் பெட்டியும் தட்டச்சுத் தேர்வில் தேறிய சான்றிதழுமாக ஹௌரா நிலையத்தில் வந்து இறங்கியவர். டல்ஹௌசி சதுக்கத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. லேக் மார்க்கெட்டுக்கு அருகே நான்கு பிரமசாரிகளோடு ஓர் அறை. வங்காளி மொழி தெரியாது. மீன் வாசனை பழகவில்லை. ஊர் நினைவு வந்து வாட்டும் மாலைகளில் அவரைத் தேற்றியது மைதானம்தான் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஆபீஸ் விட்டதும் நடந்தே போகக்கூடிய தூரத்தில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய கழகங்களின் ஆட்டங்கள் நடக்கும். கால்பந்துக்கு மொழி வேண்டியதில்லை அல்லவா? பந்து கோலுக்குள் விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் எவராயினும் கட்டித் தழுவிக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் பீட்டர் தங்கராஜ் என்னும் நெடிய உருவமுடைய கோல் கீப்பர் இந்தக் கழகங்கள் மூன்றிற்குமே ஒவ்வொரு காலத்தில் கோல் காத்தார். 1962இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றபோது இறுதி ஆட்டத்தில் கோல் கம்பத்துக்கு நடுவே நின்றவரும் அவரே. தங்கராஜ் என்னும் பெயரைப் பல்லாயிரம் வங்காளிகள் ஒரே குரலில் கூவியதைக் கேட்டபோதுதான், 'இந்த ஊரில் நமக்கும் ஓர் இடம் உண்டு' என்னும் தைரியம் தமக்கு வந்ததாக அப்பா சொல்லுவார்.

நான் 1964இல் இங்கேயே பிறந்தவன். நான் கண்ணால் கண்ட முதல் பெரிய ஆட்டம் 1977 செப்டம்பர் 24ஆம் நாள் ஈடன் தோட்டத்தில் நடந்தது. பிரேசில் நாட்டுப் பெலே, நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு வந்து மோகன் பகானை எதிர்த்து ஆடினார். மழையில் நனைந்த தரை. ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. பதின்மூன்று வயதுச் சிறுவனாகிய எனக்குப் பெலே ஒரு கோலும் போடவில்லையே என்று பெரிய ஏமாற்றம். வீடு திரும்பும் வழியில் அப்பா, "அடுத்த வாரம் அவர் ஓய்வு பெறப்போகிறார். தெரிந்துகொள்" என்றார். அவ்வாறே அக்டோபர் 1ஆம் நாள் பெலே தம் கடைசி ஆட்டத்தை அமெரிக்காவில் ஆடி முடித்தார். ஓய்வு என்னும் சொல்லை ஓர் ஆட்டக்காரரோடு சேர்த்து நான் கேட்டது அதுவே முதல் தடவை.

இனிச் சேத்ரியைப் பற்றிச் சொல்கிறேன். அவர் 1984 ஆகஸ்டு 3ஆம் நாள் சிகந்தராபாத்தில் பிறந்தவர். தந்தையார் இராணுவத்தில் பணியாற்றியவர். தாயார் நேபாளத்தைச் சேர்ந்தவர், தாமும் அந்நாட்டு மகளிர் அணியில் கால்பந்து ஆடியவர். இராணுவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் ஏது? தந்தைக்கு மாற்றல் உத்தரவு வருமிடமெல்லாம் அவர்களுக்கு ஊர்தான். அப்படி வளர்ந்த பையன் 2002இல், பதினேழு பதினெட்டு வயதில், மோகன் பகானில் சேர்ந்து தொழில்முறை ஆட்டக்காரனாகக் கல்கத்தாவுக்கு வந்தான். ஒரு பெட்டியோடு இந்த ஊருக்குப் பிழைக்க வந்த இளைஞர்களைப் பற்றிக் கேட்டாலே எனக்கு என் தந்தையாரின் நினைவு வந்துவிடும். அந்தப் பையன்மீது எனக்குப் பற்று உண்டானதற்கு முதற்காரணம் அதுதான். ஆட்டத் திறமையைப் பிறகுதான் கண்டுகொண்டேன்.

திறமை என்றாலும், அவருடையது கண்ணைப் பறிக்கும் வித்தை அன்று. அவர் உயரமானவர் அல்லர். ஆயினும் தம்மைவிட ஓர் அடி உயரமான தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே எழும்பித் தலையால் முட்டிக் கோல் போடுவார். பந்து எங்கே வரும் என்பதை மற்றவர்களுக்கு ஒரு கணம் முன்னதாக அறிந்து அங்கே போய் நிற்பதுதான் அதன் இரகசியம். கணக்குப் புத்தகத்தோடு முப்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்த எனக்கு அந்தக் குணம் மிகவும் பிடித்திருந்தது. எண்கள் எங்கே பிசகும் என்று முன்னதாகவே அறிந்து அங்கே போய் நிற்பதுதானே எங்கள் தொழிலும்!

நாட்டுக்காக அவர் முதன்முதல் ஆடியது 2005 ஜூன் 12ஆம் நாள், பாகிஸ்தானில் குவெட்டா நகரில். அன்றே ஒரு கோலும் போட்டார். 2008 ஆகஸ்டில் டில்லி அம்பேத்கர் மைதானத்தில் தஜிகிஸ்தானுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் மூன்று கோல்கள் போட்டார். அந்த வெற்றியால்தான் 2011 ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. 1984க்குப் பிறகு அந்தப் போட்டிக்குள் நாம் நுழைந்தது அப்போதுதான். 2019 ஜனவரியில் அபுதாபியில் தாய்லாந்தை நான்குக்கு ஒன்று என்று வென்றபோது இரண்டு கோல்கள் அவருடையவை. ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் இருந்தவை 151 ஆட்டங்கள், 94 கோல்கள். நாட்டுக்காகப் போட்ட கோல்களின் எண்ணிக்கையில் அன்று ரொனால்டோ, அலி தாயி, மெஸ்ஸி ஆகிய மூவர் மட்டுமே உலகில் அவருக்கு மேலே இருந்தனர்.

இந்தக் கணக்கைச் சொன்னதும் சிலர், "அவர் ஆடியதெல்லாம் சிறிய நாடுகளோடுதானே?" என்பார்கள். உண்மைதான், நம் நாடு உலகக் கோப்பை ஆட்டத்தில் ஒருமுறைகூடக் கலந்துகொண்டதில்லை. பெரிய மேடை வாய்க்காதவன் சிறிய மேடையில் பத்தொன்பது ஆண்டுகள் ஒரு நாளும் சோம்பாமல் ஆடினான் என்பது குறையா, பெருமையா? பெரிய உத்தியோகம் வாய்க்காமல் ஒரே நாற்காலியில் வாழ்நாளைக் கழித்த நம்மில் பலர் இதற்கு விடை சொல்ல வல்லவர்கள்.

2018 ஜூன் மாதத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நான் மறக்கமாட்டேன். பம்பாயில் சீன தைபே அணியோடு நடந்த ஆட்டத்தில் அவர் மூன்று கோல்கள் போட்டார். பார்க்க வந்தவர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அடுத்த ஆட்டம் அவருக்கு நூறாவது. அதற்கு முன்னால் அவர் காணொளியில் தோன்றி மக்களிடம் மன்றாடினார். எங்களை ஏசுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து அதைச் செய்யுங்கள் என்பது அவர் கேட்டதன் சாரம். நாட்டின் அணித் தலைவர், காலி நாற்காலிகளைப் பார்த்துக் கை நீட்டிக் கேட்டார்! கென்யாவுக்கு எதிரான அந்த நூறாவது ஆட்டத்துக்கு ஒரு சீட்டும் மிஞ்சவில்லை. தமக்காகக் கேட்காமல் ஆட்டத்துக்காகக் கேட்கும்போது மானம் குறைவதில்லை என்பதை அன்று அறிந்துகொண்டேன். நம் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு நன்கொடை கேட்டு வீடு வீடாக ஏறி இறங்குகிற அன்பர்களுக்கு நான் சொல்ல வருவது விளங்கும்.

2024 மே 16ஆம் நாள் காலை, அவர் மறுபடியும் காணொளியில் தோன்றினார். குவைத்துடன் கல்கத்தாவில் நடக்கவிருக்கும் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டமே நாட்டுக்காகத் தாம் ஆடும் கடைசி ஆட்டம் என்றார். குவெட்டாவில் முதல் நாள் தமக்குக் கிடைத்த சட்டையின் மீது, ஏன் என்று தெரியாமலே, வாசனைத் தைலம் தெளித்துக்கொண்டதை நினைவுகூர்ந்தார். இந்த முடிவைச் சொன்னபோது தந்தையார் அமைதியாகவே இருந்தார் என்றும், தாயாரும் மனைவியும் அழுதுவிட்டார்கள் என்றும் சொன்னார்.

அருகே அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் தாயார், "பாவம், அந்தப் பிள்ளைக்கு வயது என்ன?" என்று கேட்டார்.

"முப்பத்தொன்பது, அம்மா."

"உனக்கு அறுபதாகிவிட்டதே! நீ இன்னும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லையே?" என்றார் அம்மா.

அம்மா கேட்டது என் வேலையைப் பற்றி அன்று, ஊரைப் பற்றி. அதை இப்போது சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் பாட்டனார் கட்டிய ஓட்டு வீடு ஒன்று இருந்தது. தம்பி கும்பகோணத்தில் வேலையாக இருந்தவன், அதைப் பார்த்துக்கொண்டு வந்தான். மழைக்கு ஒரு பக்கச் சுவர் சரிந்தபின், அவன் வாரந்தோறும் தொலைபேசியில் பேசத் தொடங்கினான். "அண்ணா, நீங்கள் ஓய்வு பெற்றபின் இங்கே வந்து இருப்பதானால் செலவு செய்து புதுப்பித்துவிடலாம். வரப்போவதில்லை என்றால் அதையாவது சொல்லுங்கள், நான் என் வசதிபோல ஏதேனும் செய்துகொள்கிறேன்" என்பான். அவன் கேட்டதில் தவறில்லை. 'ஓய்வு பெற்றதும் ஊருக்கு வந்துவிடுவோம்' என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்தவன் நான்தான். என் தந்தையாரும் அதையே சொன்னார். சொல்லிக்கொண்டே இந்த ஊரில் கண்ணை மூடினார்.

ஊரிலே எங்கள் வீட்டுக்குப் பெயர் 'கல்கத்தாக்காரர் வீடு'. இங்கே எங்கள் தெருவில் எங்கள் வீட்டை 'மாத்ராஜி வீடு' என்பார்கள். அங்கே போனால் இங்கிருந்து வந்தவர்கள். இங்கே இருந்தால் அங்கிருந்து வந்தவர்கள். இதைப் படிக்கும் வீடுகளில் இந்த நிலையை அறியாத வீடு ஒன்றேனும் இருக்குமா?

மே 31 வந்தது. காரியாலயத்தில் பிரிவுபசாரம் நடத்தினார்கள். சால்வை, பூச்செண்டு, ஒரு சுவர்க்கடிகாரம். சிலர் என்னைப் புகழ்ந்தார்கள். அவற்றில் பாதி வேறு யாரைப் பற்றியோ சொன்னது போலிருந்தது. நன்றி சொல்ல எழுந்தேன். மூன்று நாட்களாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு ஒரு சொல்லும் வரவில்லை. "எல்லோருக்கும் வணக்கம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். இரண்டே நிமிடத்தில் தேநீர் வந்தது. நான்காவது நிமிடத்தில் எல்லோரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். கடிகாரத்தைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிரவு ஒரு நாணம் என்னை வாட்டியது. இத்தனை ஆண்டுகள் உழைத்ததைச் சரியாக முடிக்கத் தெரியாமல் போய்விட்டதே என்று வருந்தினேன்.

எங்கள் எதிர்வீட்டு வங்காளி நண்பர் மோகன் பகான் பக்தர். மோகன் பகான் வென்றால் அவர் வீட்டில் இறால் குழம்பு. ஈஸ்ட் பெங்கால் வென்றால் அடுத்த தெருவில் இலிஷ் மீன் மணக்கும். அவர் ஜூன் ஆட்டத்துக்கு மூன்று சீட்டுகள் வாங்கி வந்தார். "தாதா, நீங்கள் இல்லாமல் சேத்ரியை வழியனுப்புவதா?" என்றார். அவரும், பத்து வயதான அவர் பேரனும், நானுமாகச் சியால்தா வரை பேருந்தில் போய், அங்கிருந்து மெட்ரோவில் சால்ட் லேக் மைதானத்தை அடைந்தோம். பேரன் முதுகில் 11 என்று எழுதிய நீலச் சட்டை அணிந்திருந்தான். வண்டி நிறைய அதே எண். பெரியவர், சிறியவர், பெண்கள், கல்லூரி மாணவர்கள் என்று எல்லோர் முதுகிலும் பதினொன்று! அப்படிப்பட்ட கூட்டத்தில் சாதாரண வெள்ளைச் சட்டையோடு நின்றதற்காக நான் வெட்கப்பட்டேன்.

அந்த மைதானம் திறக்கப்பட்டது 1984 ஜனவரியில். சேத்ரி பிறந்ததும் அதே ஆண்டு. வந்திருந்தவர்கள் ஐம்பத்தெட்டாயிரம் பேருக்கு மேல். மோகன் பகான் கொடி பிடிப்பவர்களும் ஈஸ்ட் பெங்கால் கொடி பிடிப்பவர்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் இரண்டு கழகங்களுக்கும் ஆடியவர். போதாக்குறைக்கு, மோகன் பகானின் பழைய வீரர் சுப்ரதா பட்டாசார்யாவின் மகளை மணந்ததால் இந்த நகரத்துக்கு மாப்பிள்ளையும்கூட. சிகந்தராபாத்தில் பிறந்து, பெங்களூர்க் கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்த ஒருவர், தாம் முதன்முதல் பிழைக்க வந்த ஊரின் ஆட்டத்தையே தம் கடைசி ஆட்டமாகக் கொண்டார். அதை நினைத்தபோது என் நெஞ்சில் ஏதோ ஒன்று அசைந்தது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இந்தியா வென்றால் அடுத்த சுற்றை நெருங்கலாம் என்ற நிலை. தொண்ணூறு நிமிடங்களும் முயன்றார்கள்; இரு தரப்பிலும் கோல் விழவில்லை. கதைகளில் என்றால் கடைசி நிமிடத்தில் சேத்ரி ஒரு கோல் போட்டிருப்பார். வாழ்க்கை அப்படிக் கதை எழுதுவதில்லை. பேரன், "தாத்தா, கோல் போடாமலே போகிறாரே!" என்று அழும் குரலில் சொன்னான். பெலேயைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பதின்மூன்று வயதுப் பையன் என் கண்முன் வந்தான்.

ஊதல் ஒலித்தது. ஆட்டக்காரர்கள் இரு வரிசையாக நின்று கைதட்ட, அவர் நடுவே நடந்து வந்தார். மைதானத்தைச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் கை கூப்பினார். கண்கள் கலங்கிப் பெருகின. அவர் அழுததை ஒளிக்கவில்லை. நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் காரியாலயத்தில் நான் சொன்ன "எல்லோருக்கும் வணக்கம்" என்பதைத்தான் அவரும் சொல்லாமல் சொன்னார்! அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்பதால் அவரும் சொல்லவில்லை. எனக்கும் சொல் வரவில்லை. ஆறு நாட்களாக என்னை வாட்டிய நாணம் அந்தக் கணத்தில் அகன்றது.

வேறொன்றும் எனக்கு அப்போது விளங்கிற்று. ஒருவனுக்கு ஓய்வைக் கொடுக்கும் உரிமை அவன் பிறந்த ஊருக்கு உரியது என்று நாம் நினைக்கிறோம். அது சரியன்று. அவன் உழைத்ததைக் கண்ணால் கண்டவர்களுக்கு உரியது அந்த உரிமை. அவன் ஓடியதையும் விழுந்ததையும் கோலைத் தவறவிட்டதையும் பார்த்தவர்கள் கைதட்டினால்தான் அந்தக் கைதட்டலுக்குப் பொருள் உண்டு. அரசலாற்றங்கரையில் என்மீது அன்பு கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான் உழைத்ததைப் பார்த்தவர் அங்கே ஒருவரும் இல்லை. லேக் மார்க்கெட்டில் வாழையிலை விற்கிற கிழவருக்கு நான் எத்தனை மணிக்கு ஆபீஸுக்குப் புறப்படுவேன் என்பது தெரியும். எதிர்வீட்டுக்காரருக்கு என் தந்தையாரைச் சுமந்து சென்ற நாள் தெரியும். சுமந்தவர்களில் அவரும் ஒருவர்.

வீடு திரும்பும்போது மணி பதினொன்றுக்கு மேல் ஆகிவிட்டது. அம்மா தொலைக்காட்சியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு விழித்திருந்தார். நான் மெல்ல, "அம்மா, நாம் இங்கேயே இருந்துவிடுவோமா?" என்று கேட்டேன்.

அம்மா சற்றுநேரம் பேசவில்லை. "உன் அப்பாவை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?" என்றார். பிறகு, "ஆனால் அந்த வீட்டுத் திண்ணையை ஒருமுறை பார்க்க வேண்டும்" என்றார். இரண்டும் அம்மாவின் உண்மையான விருப்பங்கள். ஒன்றைச் சொன்னதால் மற்றது பொய்யாகிவிடாது.

நான் தம்பியிடம் முடிவைச் சொன்னேன். அவனுக்கு வருத்தம். "முப்பது வருஷம் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சில மாதங்கள் அவன் பேச்சு குறைந்துதான் போயிற்று. அம்மாவை அழைத்துப்போய்த் திண்ணையில் ஒரு மாலைப்பொழுது முழுவதும் உட்கார வைத்தோம். வீடு தம்பி பேருக்கு ஆயிற்று. நான் கேட்டு வாங்கி வந்தது ஒரு பித்தளைக் குடம் மட்டும். அப்பா தம் முதல் சம்பளத்தில் தம் தாயாருக்கு வாங்கி அனுப்பியது. கழுத்தில் அவர் பெயரும், அதற்குக் கீழே 'கல்கத்தா' என்றும் வெட்டியிருக்கும்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை அப்போதே எழுதியிருப்பேன். 2025 மார்ச்சு மாதத்தில் செய்தி வந்தது: சேத்ரி ஓய்வை விலக்கிக்கொண்டு மறுபடியும் நாட்டுக்காக ஆட வருகிறார்! எனக்குக் கோபம் வந்தது. "அப்படியானால் அன்று நாங்கள் அழுதது எதற்கு?" என்று வீட்டில் உரக்கவே கேட்டேன்.

என் மனைவி அடுக்களையிலிருந்தபடியே, "போன தணிக்கையின்போது ஆபீஸிலிருந்து ஆள் அனுப்பினார்களே, நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடவில்லையா? அந்தச் சால்வையைத் திருப்பியா கொடுத்தீர்கள்?" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தால் பிழை அவருடையது அன்று. அவர் போன பிறகு கோல் போட ஆளில்லை. 2024ஆம் ஆண்டு முழுவதும் இந்தியா ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. நம் நாட்டுப் பெரிய கழகங்கள் நடு முன்னணி இடத்துக்கு அயல்நாட்டு ஆட்டக்காரர்களையே பெரும்பாலும் அமர்த்திக்கொள்கின்றன. நம் இளைஞர்களை ஓரங்களில் ஓடவிடுகின்றன. வாரந்தோறும் கோலுக்கு முன்னால் நின்று பழகாதவன், நாட்டுச் சட்டையை அணிந்ததும் எப்படிப் பழகிவிடுவான்? நாற்பது வயதுக்காரர், 2025 மார்ச்சு 19ஆம் நாள் ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக இறங்கி, தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். அது அவருடைய 95ஆவது கோல். 2023 நவம்பருக்குப் பிறகு இந்தியா வென்ற முதல் ஆட்டமும் அதுவே. நான் கைதட்டினேன், கைதட்டும்போதே வருந்தினேன். வீட்டுப் பெரியவர் எழுந்து வந்துதான் விளக்கேற்ற வேண்டும் என்றால், அது பெரியவருக்குப் பெருமை. வீட்டுக்குப் பெருமை அன்று.

அவராலும் எல்லாவற்றையும் தாங்க முடியவில்லை. 2025 அக்டோபர் 14ஆம் நாள் மட்காவில் சிங்கப்பூரிடம் இந்தியா ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றது. 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வழி அடைபட்டது. அடுத்த மாதம் டாக்காவில் ஆடச் சென்ற அணியில் அவர் பெயர் இல்லை. இம்முறை இரு வரிசையாக நின்று கைதட்டுவோர் இல்லை. ஐம்பத்தெட்டாயிரம் பேர் இல்லை.

இரண்டாவது முறை அவர் சென்ற விதம் எனக்கு முதலாவதைவிட அதிகமாக மனத்தில் பதிந்திருக்கிறது. விழா எடுத்து விடை கொடுத்தபின்னும், தேவை என்று அழைத்தபோது, 'என் பெயர் கெட்டுவிடுமே' என்று பாராமல் வந்தார், முடிந்ததைச் செய்தார், முடியாதபோது சந்தடி இல்லாமல் ஒதுங்கினார். புகழின் உச்சியில் விலகுவதே அழகு என்பார்கள். கல்கத்தாவின் சுனி கோஸ்வாமி 1964இல், இருபத்தாறு வயதில், நாட்டுக்காக ஆடுவதை நிறுத்திக்கொண்டதை அப்பா அப்படித்தான் புகழுவார். அது ஓர் அழகு. பயன்படுகிற வரையில் பயன்படுவது என்பதும் ஓர் அழகுதான். நம் போன்ற குடும்பங்களில் நாம் பெரும்பாலும் கண்டது இந்த இரண்டாவது அழகையே.

எதிர்வீட்டுப் பேரனுக்கு அந்தப் பதினோராம் எண் சட்டை சிறியதாகிவிட்டது. ஒருநாள் அதைக் கொண்டுவந்து, "தாதூ, இதை உங்கள் சங்கத்துக் குழந்தைகள் யாருக்காவது கொடுங்கள்" என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சங்கத்தில் குழந்தைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். 'ஓய்வு பெற்றபின் பார்க்கலாம்' என்று செயலாளரிடம் பத்து ஆண்டுகள் தட்டிக் கழித்து வந்த வேலை அது. அங்கே ஒரு சிறுமிக்குச் சட்டை பொருந்திற்று. அவள் வகுப்பு முடிந்ததும் சங்கத்தின் முற்றத்தில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தாள். முதுகில் இருந்த எண்ணைப் பார்த்து, "இது யாருடைய எண், ஐயா?" என்று கேட்டாள்.

சொன்னேன். குவெட்டாவிலிருந்து தொடங்கிச் சொன்னேன். அவள் பாதி கேட்டாள். மீதிக்குள் பந்து உருண்டுவிட்டது, அதன் பின்னால் ஓடிவிட்டாள்.